120 கட்டம் போதுமா? ஸ்டார்டியூ வேலி கிரீன்ஹவுஸ் பற்றி

கேள்வி: ஜனவரி 4, காலை 9:12

அண்ணா, ஸ்டார்டியூ வேலி என்கிற பண்ணை விளையாட்டில் எனக்கு முதல் வருஷக் கோடை முடியப் போகிறது. எல்லோரும் "பேன்ட்ரியை முடி, கிரீன்ஹவுஸைத் திற" (சமூகக் கூடத்தின் பேன்ட்ரி அறை கேட்கிற பொருள்களைக் கொடுத்துக் குடிலைத் திற) என்றே சொல்கிறார்கள். உள்ளே மொத்தம் 120 கட்டம்தானே? வெளியே மூவாயிரத்துக்கும் மேல் கட்டம் உழாமல் கிடக்கிறது. அந்தக் குடிலுக்காக ஓடுகிற நேரத்தில் வெளியே இன்னும் நாலு பாத்தி போட்டால் வருமானம் கூடாதா?

ஜனவரி 4, இரவு 10:40

கூடும் தம்பி, இலையுதிர் காலம் 28ஆம் தேதி வரைக்கும். மறுநாள் காலை வெளியே வந்து பாருங்கள். வயல் முழுக்கக் காய்ந்த தட்டைதான் நிற்கும். என் முதல் பண்ணையில் அப்படித்தான் ஆனது. குளிர்காலத்தின் 28 நாளும் சுரங்கத்துக்குப் போனேன், மீன் பிடித்தேன், கோழிக்குத் தீனி வைத்தேன், ஆனால் மண்ணில் விளைச்சல் என்று ஒன்றும் இல்லை. இரண்டாவது பண்ணையில் இலையுதிர் காலக் கடைசி வாரத்தில் கிரீன்ஹவுஸ் திறந்தது. குளிர்காலம் முதல் நாள் பனியில் நடந்து போய் அந்தக் கதவைத் திறந்ததும் உள்ளே பச்சைப் பசேல் என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்தப் பண்ணை ஆரம்பித்தாலும் முதல் வேலையாக பேன்ட்ரியைத்தான் எடுக்கிறேன்.

உள்ளே 10 வரிசை, 12 பத்தி. பருவக் கணக்கு கிடையாது, எந்த விதையையும் எந்த நாளிலும் ஊன்றலாம். காக்கை வராது, இடி விழாது. பருவம் மாறும்போது வெளியே போட்ட உரம் காணாமல் போய்விடும், உள்ளே போட்டது அப்படியே இருக்கும். மழை மட்டும் உள்ளே பெய்யாது, அதனால் தண்ணீர் உங்கள் பொறுப்பு.

என்ன நடுவது என்று கேட்டால் முழுக்க ஸ்டார்ஃப்ரூட் நடுங்கள் என்பேன். ஒரு பழம் 750 கோல்டு.

ஜனவரி 5, மாலை 6:05

பேன்ட்ரியை எப்படிச் சீக்கிரம் முடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பண்டில் என்பது சமூகக் கூடம் கேட்கிற பொருள்களின் தொகுப்பு. வழக்கமான பண்டில் என்றால் பேன்ட்ரிக்கு ஆறு. வசந்தப் பயிர், கோடைப் பயிர், இலையுதிர்ப் பயிர், தரமான பயிர், கால்நடை, கைத்தொழில். (ரீமிக்ஸ் பண்டில் எடுத்திருந்தால் பட்டியல் மாறும், சமூகக் கூடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) உங்களுக்குக் கோடை முடிகிறது என்றால் தக்காளி, மிளகாய், புளூபெர்ரி, மெலன் நான்கிலும் ஒன்றாவது பெட்டியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளி, ஞாயிறு வரும் வண்டிக்காரியிடம் அது வருகிறதா என்று வாரா வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.

இலையுதிர்ப் பண்டிலுக்கு மக்காச்சோளம், கத்திரி, பூசணி, யாம். பூசணிக்கு 13 நாள், அதனால் 1ஆம் தேதியே நட்டுவிடுங்கள். மக்காச்சோளம் கோடையிலேயே போட்டிருந்தால் இலையுதிர் காலத்திலும் அதே செடி காய்க்கும், பிடுங்கிவிடாதீர்கள். தரமான பயிர் பண்டிலில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். தங்க நட்சத்திரம் போட்டதில் ஐந்தைந்தாக மூன்று வகை கேட்கும். பூசணிக்கும் மக்காச்சோளத்துக்கும் அடியில் உரம் போட்டால் சுலபமாக வரும். உரம் வாங்கத் தயங்காதீர்கள், அந்தக் காசு திரும்பிவிடும்.

கைத்தொழில் பண்டிலுக்கு ஆறு பொருள் வேண்டும். தேன், ஜெல்லி, பாலாடைக்கட்டி என்று மூன்று சேர்ப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் ஆப்பிள், ஆரஞ்சு, பீச் மாதிரிப் பழங்களும் அதே பண்டிலில் செல்லும். மொத்தம் 25,000 கோல்டு சம்பாதித்ததும் ஊர் விஞ்ஞானி டெமீட்ரியஸ் வந்து பண்ணைக் குகையில் காளான் வேண்டுமா வௌவால் வேண்டுமா என்று கேட்பார் இல்லையா, அங்கே வௌவால் என்று சொன்னால் இந்தப் பழங்கள் தானாக வந்து விழும். பொதுவாக எல்லோரும் காளான்தான் நல்லது என்பார்கள். கிரீன்ஹவுஸ் அவசரம் என்றால் வௌவால்தான்.

ஜனவரி 5, மாலை 6:20

பண்டிலுக்குப் பதில் ஜோஜா என்கிற பெரிய கடைக்குக் காசு கட்டும் வழியில் போகிறவர்களுக்கு இந்த ஓட்டம் இல்லை. உறுப்பினர் ஆக 5,000, கிரீன்ஹவுஸுக்கு 35,000, அவ்வளவுதான். நான் அந்த வழியில் விளையாடியதில்லை. சமூகக் கூடத்தை இடியவிட்டுக் கிடங்கு ஆக்குவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 7, இரவு 11:30

4ஆம் தேதி ஸ்டார்ஃப்ரூட் என்று எழுதியதைத் திருத்த வேண்டும். ஒரு பழத்தின் விலையை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். இன்று தாளில் கணக்குப் போட்டேன்.

ஸ்டார்ஃப்ரூட் விதை 400 கோல்டு, 13 நாள், ஒருமுறை பறித்தால் செடி போய்விடும். 750இல் 400 கழிந்தால் 350, அதை 13ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு நாளொன்றுக்கு 27 கோல்டு கூட இல்லை. ஏன்ஷியன்ட் ஃப்ரூட் என்கிற இன்னொரு பழச்செடி முதலில் 28 நாள் காக்க வைக்கும், அப்புறம் 7 நாளுக்கு ஒரு பழம், 550 கோல்டு, விதைச் செலவே இல்லை. நாளொன்றுக்கு 78. மூன்று மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு!

ஒயினாக மாற்றினாலும் இதுதான் நிலவரம். ஆர்ட்டிசன் தொழில் (ஒயின் மாதிரிப் பொருள்களின் விலையைக் கூட்டுவது) எடுத்திருந்தால் ஸ்டார்ஃப்ரூட் ஒயின் 3,150, ஏன்ஷியன்ட் ஒயின் 2,310. விதைக் காசைக் கழித்து நாள் கணக்கில் பார்த்தால் ஸ்டார்ஃப்ரூட் கட்டத்துக்கு 211, ஏன்ஷியன்ட் 330. ஒரே ஒரு இடத்தில்தான் ஸ்டார்ஃப்ரூட் ஜெயிக்கிறது. கெக், அதாவது பழத்தை ஒயினாக்கும் பீப்பாய், ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அதுதான் அதிகம் தருகிறது. கெக் குறைவாக வைத்திருப்பவர்கள் கோடையில் வெளியே ஸ்டார்ஃப்ரூட் போட்டு, அந்தப் பழத்தைச் சேர்த்து வைத்துக் கெக்கில் ஊற்றட்டும். குடிலுக்குள் ஏன்ஷியன்ட் இருக்கட்டும்.

ஜனவரி 8, இரவு 9:15

தம்பி விடவில்லை. "சரி அண்ணா, ஏன்ஷியன்ட்டையே நான் வெளியே 240 கட்டத்தில் போட்டால்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. உட்கார்ந்து எண்ணினேன்.

வெளியே வசந்தம் 1ஆம் தேதி நட்டால் கோடை 1ஆம் தேதி முதல் பழம். அதிலிருந்து கோடையில் நான்கு பறிப்பு, இலையுதிரில் நான்கு, மொத்தம் எட்டு. குளிர்காலம் வந்ததும் செடி செத்துவிடும். உள்ளே ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் வருஷத்துக்கு 112 நாள், 7 நாளுக்கு ஒன்று, 16 பறிப்பு. ஆக, உள்ளே ஒரு கட்டம் வெளியே இரண்டு கட்டத்துக்குச் சமம். 240 கட்டம் போட்டால் பழ எண்ணிக்கையில் நீங்கள் குடிலைப் பிடித்துவிடுவீர்கள். பாதி உங்கள் பக்கம் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதியைப் பாருங்கள். வெளியே போட்டால் ஒவ்வொரு வசந்தத்துக்கும் 240 விதை புதிதாக வேண்டும். அத்தனை விதைக்கும் பழத்தை விதை மேக்கரில் (பழத்தை விதையாக்கும் இயந்திரம்) போட்டாக வேண்டும். மறுபடி 28 நாள் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு விதை ஊன்றினால் பண்ணை இருக்கும் வரைக்கும் அது காய்க்கும்.

பருவம் குறுகலான பயிரில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஸ்ட்ராபெர்ரி வசந்தத்தில் மட்டும்தான் வரும். விதை விற்பதே வசந்தம் 13ஆம் தேதி முட்டைத் திருவிழாவில்தான். அன்றே நட்டால் 21, 25 என்று இரண்டு பறிப்பு. விதையைப் பத்திரப்படுத்தி அடுத்த வருஷம் 1ஆம் தேதி நட்டாலும் ஐந்துதான். குடிலுக்குள் 4 நாளுக்கு ஒருமுறை, வருஷத்துக்கு 28. என் இப்போதைய பண்ணையில் முதல் திருவிழாவில் 20 விதை கூடுதலாக வாங்கிப் பெட்டியில் போட்டுவைத்தேன். அப்போது கையில் இருந்த காசில் பாதி அதற்கே போனது. இலையுதிரில் குடில் திறந்த அன்று நட ஏதாவது இருந்தது என்றால் அந்த 20தான்.

ஜனவரி 10, இரவு 10:50

ஏன்ஷியன்ட் விதை ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது, குடிலில் ஸ்பிரிங்ளருக்குப் போக மிச்சமிருக்கும் 116 கட்டத்துக்கு எப்போது வரும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். (புழு நெளியும் இடத்தைத் தோண்டியோ சுரங்கப் பூச்சியிடமோ கிடைக்கும் விதையை அப்படியே ஊன்ற முடியாது. அருங்காட்சியகத்தில் குந்தரிடம் கொடுத்தால் நடக்கூடிய விதையும், செய்முறையும் தருவார். முதலாவதை விற்றுவிடாதீர்கள்.)

விதை மேக்கரில் ஒரு பழம் போட்டால் ஒன்று முதல் மூன்று விதை. சராசரி இரண்டு என்று வைத்துக்கொள்வோம். வரும் பழத்தை எல்லாம் விற்காமல் விதையாக்கி அன்றே நட்டால்: நான்காம் வாரம் 3 செடி. எட்டாம் வாரம் 15. பன்னிரண்டாம் வாரம் 87. பதின்மூன்றாம் வாரம் குடில் நிரம்பி மிச்சமும் கையில் இருக்கும். குளிர்காலம் முதல் நாள் ஊன்றிய ஒற்றை விதை அடுத்த இலையுதிர் காலம் இரண்டாம் வாரத்தில் குடிலை நிறைத்துவிடும்.

முதல் எட்டு வாரம் பொறுமையைச் சோதிக்கும். 550 கோல்டு பழம் கையில் இருக்கும்போது விற்கத் தோன்றும். நான் ஒரு முறை பேக்பேக் பெரிதாக்குவதற்காக மூன்று பழம் விற்றேன், அது அப்படியே ஆறு செடி. அந்த ஆறும் காய்த்திருந்தால் எவ்வளவு என்று நினைத்து இன்றும் வருத்தம்தான்.

நட்சத்திரம் போட்ட பழமும் போடாத பழமும் விதை மேக்கருக்கு ஒன்றுதான். கெக்குக்கும் அப்படித்தான், தங்கப் பழம் ஊற்றினாலும் சாதா ஒயின்தான் வரும். அதனால் ஒயினுக்காக வளர்க்கிறவர்கள் தரம் கூட்டும் உரத்துக்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஜனவரி 11, காலை 7:30

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ ஸ்பீட் குரோவும் வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் எழுத வந்தேன். ஸ்பீட் குரோ என்கிற உரம் முதல் வளர்ச்சியை மட்டும்தான் வேகப்படுத்தும். வாரம் ஒரு பழம் என்பது அதனால் ஆறு நாள் ஆகாது.

ஜனவரி 11, இரவு 8:45

காலையில் அவசரப்பட்டேன். வாரப் பறிப்புக்கு அது பயன்படாது என்பது சரி. ஆனால் செடி பெருக்குகிற காலத்தில் முதல் வளர்ச்சிதான் எல்லாமே. டீலக்ஸ் ஸ்பீட் குரோ போட்டால் 28 நாள் 21 ஆகிறது. அதே கணக்கை 21 நாள் வைத்துப் போட்டேன்: ஆறாம் வாரம் 13, எட்டாம் வாரம் 37, பத்தாம் வாரம் 109, பதினோராம் வாரம் நிரம்பிவிடும். முழுசாக இரண்டு வாரம் மிச்சம். நிரம்பிய குடில் வாரத்துக்குப் பழமாக விற்றாலே 63,800 தரும். போடுங்கள், தாராளமாகப் போடுங்கள்.

ஜனவரி 13, இரவு 10:10

116 என்று எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு. தானாகத் தண்ணீர் தெளிக்கும் இரிடியம் ஸ்பிரிங்ளர் சுற்றி 24 கட்டம் நனைக்கும். மண்ணின் இடது ஓரத்திலிருந்து 3, 8 ஆகிய பத்திகளில், மேலிருந்து 3, 8 ஆகிய வரிசைகளில் ஒவ்வொன்று, மொத்தம் நான்கு. இன்னும் இரண்டை வலதுபக்கம் மண்ணுக்கு வெளியே விளிம்புப் பலகையில், அதே 3, 8 வரிசைகளுக்கு நேராக வையுங்கள். மண்ணில் நான்கு கட்டம்தான் போகும், 116 மிச்சம்.

முதல் வருஷத்தில் இரிடியம் கிடைப்பது கஷ்டம், செய்முறையே விவசாய நிலை 9இல்தான் வரும். அதுவரை குவாலிட்டி ஸ்பிரிங்ளர், நிலை 6. ஒன்று 8 கட்டம், 16 வேண்டும், அதில் நான்கை அடி விளிம்பில் வைத்தால் நட 108 கிடைக்கும்.

குவாலிட்டியை எடுத்துவிட்டு இரிடியம் மாற்றும்போது ஜாக்கிரதை. நான் அந்த வேலையைச் செய்தது இரண்டாம் வருஷம் கோடையில், ராத்திரி நேரம், மண் முழுக்க ஏன்ஷியன்ட் செடி. ஸ்பிரிங்ளரைப் பிடுங்க பிக்காக்ஸால் தட்ட வேண்டும். ஆள் ஒரு அடி நகர்ந்து நின்றது கவனிக்காமல் தட்டினேன். "டொக்" என்ற சத்தம் வரவில்லை. பறிப்புக்கு இரண்டு நாள் மட்டும் இருந்த செடி போய்விட்டது, வெறும் மண் மட்டும் இருந்தது. நல்ல வேளை, தூங்கினால்தான் ஆட்டம் சேமிக்கும். அப்படியே வெளியேறி அந்த நாளைக் காலையிலிருந்து மறுபடி ஆடினேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: முதலில் பறிக்கிறேன், அப்புறம் ஸ்பிரிங்ளருக்கு நேர் கீழே நின்று, ஆள் மேல்பக்கம் பார்க்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டுகிறேன்.

ஜனவரி 16, இரவு 9:40

கெக். குடில் நிரம்பிய பிறகு எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. ஒயின் ஆக ஏறக்குறைய ஒரு வாரம், பழமும் வாரத்துக்கு ஒருமுறை, அதனால் 116 செடிக்கு 116 கெக் இருந்தால் கச்சிதம். பறித்த அன்றே பழைய ஒயினை எடுத்துப் புதுப் பழத்தை ஊற்றிவிடலாம். வாரத்துக்கு 2,67,960 கோல்டு.

ஆனால் ஒரு கெக்குக்கு 30 மரக்கட்டை, செம்புக் கட்டி ஒன்று, இரும்புக் கட்டி ஒன்று, ஓக் பிசின் ஒன்று. மரம் 3,480 வேண்டும், வெட்டிவிடலாம். பிசின்தான் அவசரப்படுத்தினால் வராது, டேப்பர் (பிசின் வடிக்கும் கருவி) மாட்டிய ஓக் மரம் வாரத்துக்கு ஒன்றுதான் தரும். இருபது மரத்தில் மாட்டினாலும் 116 சேர ஆறு வாரம். அதனால் ஏன்ஷியன்ட் விதையை ஊன்றும் அதே நாளில் ஓக் மரங்களில் டேப்பரையும் மாட்டிவிடுங்கள். செடி பெருகுகிற பதின்மூன்று வாரத்தில் பிசினும் சேர்ந்துவிடும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் மூன்றாம் வருஷத்தில் பாதிப் பழத்தைப் பழமாகவே விற்றிருக்க மாட்டேன்.

ஆட்டத்தின் 1.5 பதிப்பிலிருந்து தச்சர் ராபினிடம் சொல்லிக் குடிலையே நகர்த்தலாம். கெக் ஷெட் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன், பறிக்கிற நாளில் நடை பெரிதும் குறைந்தது.

ஜனவரி 17, காலை 8:00

ஹாப்ஸ் கொடி பற்றி ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். தாளில் அதுதான் முதலிடம், ஒத்துக்கொள்கிறேன். தினமும் ஒரு காய், அதைக் கெக்கில் போட்டு வரும் பேல் ஏல் பீர் ஆர்ட்டிசனோடு 420, கட்டத்துக்கு நாளொன்றுக்கு ஏன்ஷியன்ட்டை விட 90 அதிகம். நான் ஒரு பருவம் ஆடிப் பார்த்தேன். தினமும் நூறு பறித்து, தினமும் கெக்கைக் காலி செய்து நிரப்பியதில் மதியம் வரை வேறு எங்கும் போக முடியவில்லை. அதோடு கொடிப் பந்தலுக்குள் நடக்க முடியாது, வழி விட்டு நட வேண்டும், அதில் கட்டம் குறையும். வாரத்தில் ஒரு நாள் குடிலுக்கு, மீதி ஆறு நாள் ஊருக்கும் சுரங்கத்துக்கும் என்கிற ஏன்ஷியன்ட் வாழ்க்கைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 19, இரவு 10:25

ஓரங்களைச் சும்மா விடாதீர்கள். மண்ணைச் சுற்றியிருக்கும் விளிம்பில் பழமரம் நடலாம், உள்ளே எல்லா மரமும் வருஷம் முழுக்கத் தினமும் ஒரு பழம் தரும், மரத்திலேயே மூன்று வரை தங்கும். கன்று வளரும் 28 நாளும் சுற்றி எட்டுக் கட்டத்தையும் காலியாக வைத்துவிடுங்கள்.

ஆட்டத்தில் பின்னால் திறக்கும் இஞ்சித் தீவுக்குப் போகிற அளவு வந்துவிட்டால் அங்கே வியாபாரியிடம் 75 மஸ்ஸல் சிப்பிக்கு மாங்கன்று கிடைக்கும். கடற்கரையில் ஒரு பருவம் முழுக்க சிப்பி பொறுக்கி வாங்கினேன். 130 கோல்டு பழம், லாபக் கணக்கில் பீச் அதைவிட மேல். ஆனால் வெளியே பனி கொட்டும்போது உள்ளே மாமரத்தில் மூன்று பழம் தொங்குவதைப் பார்க்க எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

தீவிலும் எல்லாப் பருவப் பயிரும் எல்லா நாளும் வரும் என்பதால் அப்போது குடிலின் தேவை குறைகிறது என்று ஒருவர் சொன்னது உண்மை. அங்கே போகும் முன்பு உள்ள இரண்டு மூன்று வருஷத்துக்குத்தான் இந்த இழையில் நான் வாதாடுவதெல்லாம்.

ஜனவரி 22, இரவு 11:05

கணக்கில் வராத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். தங்கச்சியும் நானும் சேர்ந்து ஆடுகிற பண்ணையில் மேல் வரிசையில் 12 கட்டத்தை அவள் பூவுக்கு என்று பிடித்துக்கொண்டாள். டூலிப், ஃபேரி ரோஸ். கட்டத்துக்கு நாளொன்றுக்கு 330 போகிறதே என்று நான் சண்டை போட்டேன். தேனீப் பெட்டி வைத்தாவது ஈடுகட்டலாம் என்றால் குடிலுக்குள் அது தேன் தராது.

குளிர்காலம் 20ஆம் தேதி எவலின் பாட்டியின் பிறந்தநாள். வெளியே அந்த மாதம் டூலிப் வளராது. தங்கச்சி காலையிலேயே குடிலுக்குள் போய் ஒரு டூலிப் பறித்து, பனியில் ஓடிப்போய்ப் பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டிக்கு மிகவும் பிடித்த பரிசுகளில் அதுவும் ஒன்று. குடில் திறந்ததும் நம் வீடு தேடி வந்து பூந்தொட்டி செய்யக் கற்றுத்தருவதும் அதே பாட்டிதான். அதற்குப் பிறகு அந்த மேல் வரிசையை நான் கேட்கவில்லை. இப்போது என் தனிப் பண்ணையிலும் நான்கு கட்டம் டூலிப் இருக்கிறது.

ஜனவரி 26, இரவு 9:50

தம்பியிடமிருந்து செய்தி. இலையுதிர் 24ஆம் தேதி கிரீன்ஹவுஸ் திறந்துவிட்டதாம்! பெட்டியில் ஸ்ட்ராபெர்ரி விதை 14, குந்தர் கொடுத்த ஏன்ஷியன்ட் விதை ஒன்று, வெளியிலிருந்து மிச்சமான கிரான்பெர்ரி விதை கொஞ்சம். எதை எங்கே நடுவது என்று கேட்கிறார்.

ஏன்ஷியன்ட்டை இடது மேல் மூலையில் நடுங்கள், பின்னால் ஸ்பிரிங்ளர் வைக்கும் எந்தக் கட்டத்திலும் அது வராது, பிக்காக்ஸ் அந்தப் பக்கம் போகாது. கையில் ஸ்பீட் குரோ இருந்தால் அதற்கு மட்டும் போடுங்கள். மற்றதை எப்படி வேண்டுமானாலும் நடுங்கள், அடுத்த இலையுதிருக்குள் எப்படியும் பிடுங்கப் போகிறீர்கள். ஓக் மரத்தில் டேப்பர் மாட்டிவிட்டீர்களா? முதல் பழத்தை விதை மேக்கரில் போட்டதும் ஒன்று வந்ததா, மூன்று வந்ததா என்று இங்கே எழுதுங்கள்.